பூ நிறைய, காய் இல்லை: ஏற்காடு, சேலம் வீட்டுத் தோட்டங்களில் கொடி பீன்ஸ் கோளாறுகளும் தீர்வும்

கொடி பீன்ஸில் ஏதாவது கோளாறு என்றால் பலரும் முதலில் ஓடுவது மருந்துக் கடைக்குத்தான். ஆனால் இந்தக் கொடியில் வரும் பெரும்பாலான தொல்லைகள் விதை எது, எந்த மாதம் போட்டது, எந்த மண்ணில் போட்டது என்ற மூன்றில் எங்கோ தொடங்கியிருக்கும். மருந்தால் தீருபவை சிலதான். அவை எவை என்று தெரிந்துகொண்டால் செலவும் மிச்சம், தேனீயும் மிச்சம்.

கீழே உள்ளவை எல்லாம் கண்ணுக்குத் தெரியும் அறிகுறியிலிருந்து தொடங்குகின்றன. உங்கள் கொடியில் தெரிவது எதுவோ அங்கே நேராகப் போகலாம். ஆனால் முதல் பகுதியை மட்டும் தாண்டிவிடாதீர்கள்.

பந்தலில் இருப்பது எந்த பீன்ஸ்?

மலையில் 'கொடி பீன்ஸ்' என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு செடிகள் வளர்கின்றன. ஒன்று சந்தைக்கு வரும் சாதாரண கொடி பீன்ஸ். பூ வெள்ளையாகவோ வெளிர் ஊதாவாகவோ இருக்கும். மற்றொன்று ரன்னர் பீன்ஸ். நீண்ட காம்பில் கொத்தாகப் பளிச்சென்ற சிவப்புப் பூ, சில ரகங்களில் வெள்ளைப் பூ. காய் பட்டையாக, கொஞ்சம் சொரசொரப்பாக இருக்கும். விதை கட்டைவிரல் நகம் அளவு, சிவப்புப் பூ ரகத்தில் ரோஜா நிறத்தில் கறுப்புத் திட்டுகளோடு இருக்கும்.

பூ வரும் வரை காத்திருக்க வேண்டாம், முளைக்கும்போதே கண்டுபிடித்துவிடலாம். சாதாரண பீன்ஸ் முளைக்கும்போது விதைப் பருப்பு இரண்டும் மண்ணுக்கு மேலே வந்து, பிறகு இலை விரியும். ரன்னரில் பருப்பு மண்ணுக்குள்ளேயே தங்கிவிடும். தண்டு மட்டும் வளைந்து வெளியே வந்து நேராக இலை விடும்.

இதை ஏன் முதலில் சொல்கிறோம் என்றால், இரண்டுக்கும் ஒத்துவரும் ஊர் வேறு. சேலம் கடல் மட்டத்திலிருந்து 278 மீட்டர். ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர். இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் 7, 8 டிகிரி குறைந்துவிடும். ரன்னர் பீன்ஸுக்கு அந்தக் குளிர்ச்சி வேண்டும். அஸ்தம்பட்டியிலோ சூரமங்கலத்திலோ மாடியில் போட்டால் கொடி ஏறும், பூக்கவும் கூடும், காய் மட்டும் பிடிக்காது. சேலத்தில் இருப்பவர்கள் சாதாரண பீன்ஸை ஐப்பசியில் போடுங்கள், அல்லது அவரையை ஆடியில் போடுங்கள். பந்தல் அவரை பகல் குறுகும்போதுதான் பூக்கும். ஆடியில் விதைத்தால் மார்கழி, தையில் பந்தல் நிறையக் காய்க்கும்.

விதை முளைக்கவில்லை

எட்டாம் நாள் வரை பொறுங்கள். ஏற்காட்டில் மார்கழி, தையில் மண் குளிர்ந்திருக்கும்போது பன்னிரண்டு, பதினான்கு நாள்கூட ஆகும். அதற்குப் பிறகும் வராவிட்டால் ஒரு விதையைத் தோண்டிப் பாருங்கள்.

கொழகொழவென்று அழுகி நாறினால் தண்ணீர் அதிகம். பீன்ஸ் விதையை இரவு முழுக்க ஊறவைப்பது பலரின் பழக்கம். அதுவே பாதி விதையைக் கெடுக்கும். தண்ணீரை வேகமாகக் குடித்த பருப்பு உள்ளே விரிசல் விட்டு, முளைக்கும் முன்பே பூஞ்சை பிடிக்கும். ஊறவைக்காமல், ஈரமான மண்ணில் 3 முதல் 4 செ.மீ. ஆழத்தில் ஊன்றுங்கள். ஊன்றிய அன்று ஒருமுறை தண்ணீர் விட்டால் போதும். முளை தெரியும் வரை மண் மேல்புறம் காய்ந்தால் மட்டும் தெளித்துவிடுங்கள்.

விதையே காணவில்லையென்றால் எலி, அல்லது சேலத்தின் ஓரப்பகுதிகளில் மயில். இரண்டு வாரத்துக்கு வலைக்கூடை கவிழ்த்து வையுங்கள். விதை அப்படியே கல்லாகக் கிடந்தால் பழைய விதை. அடுத்த முறை போடும் முன் பத்து விதையை ஈரத்துணியில் சுற்றி வைத்துப் பாருங்கள். ஐந்தாறு நாளில் ஏழு முளைத்தால் போடலாம். அதற்குக் குறைந்தால் வேறு விதை வாங்குவதே மேல்.

இரண்டு, மூன்று வாரச் செடி திடீரென்று வாடுகிறது

இதுதான் இந்தப் பக்கத்தில் அதிகம் ஏமாற்றும் கோளாறு. தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் ஊற்றுவார்கள், செடி இன்னும் சீக்கிரம் போகும்.

வாடிய செடி ஒன்றைப் பிடுங்கி, தண்டு மண்ணைத் தொடும் இடத்தைப் பாருங்கள். அந்த இடம் தடித்து, நீளவாக்கில் வெடித்திருந்தால் நகத்தால் தோலைச் சுரண்டுங்கள். உள்ளே செம்பழுப்புக் கோடும், கோட்டின் முடிவில் கடுகை நீட்டியதுபோல் ஒன்றிரண்டு பழுப்புக் கூடுகளும் இருந்தால் அது தண்டு ஈ. இரண்டு மில்லிமீட்டர்கூட இருக்காத பளபளப்பான கறுப்பு ஈ, செடியின் முதல் ஜோடி இலையிலேயே முட்டையிடும். முட்டையிட்ட இடமெல்லாம் ஊசியால் குத்தியதுபோல் வெளிர்ப் புள்ளியாகத் தெரியும், குறிப்பாக இலை காம்போடு சேரும் இடத்தில். புழு காம்பு வழியாக இறங்கித் தண்டின் அடிக்கு வந்து, நீர் ஏறும் பாதையைத் தின்றுவிடும்.

அந்த வெளிர்ப் புள்ளிகளை முதல் வாரத்திலேயே பார்த்துவிட்டால் காப்பாற்றிவிடலாம். முளைத்த மூன்றாம், நான்காம் நாளே வேப்பங்கொட்டைக் கரைசல் தெளிக்கத் தொடங்குங்கள். ஒரு லிட்டருக்கு 50 கிராம் வேப்பங்கொட்டையை இடித்து இரவு ஊறவைத்து, காலையில் வடிகட்டி, சிறிது காதி சோப்பு கரைத்து மாலையில் தெளிக்க வேண்டும். வாரம் ஒருமுறை, நான்கு வாரம். தடித்துவிட்ட செடியாக இருந்தாலும் இலை முழுக்க வாடவில்லையென்றால் கைவிடாதீர்கள். தண்டின் அடியைச் சுற்றி நான்கு விரல் உயரம் ஈரமண்ணும் தொழு உரமும் கலந்து அணைத்துவிடுங்கள். அடிபட்ட இடத்துக்கு மேலே புது வேர் விட்டுச் செடி பிழைத்துக்கொள்ளும். செத்த செடிகளை உரக்குழியில் போடாமல் எரித்துவிடுங்கள், கூட்டுக்குள் அடுத்த தலைமுறை இருக்கிறது. பக்கத்திலேயே பழைய தட்டைப்பயறோ உளுந்தோ நின்றால் ஈ அங்கிருந்துதான் வருகிறது.

தண்டு தடிக்காமல், அடியில் சிவந்த பழுப்பாக உள்வாங்கி மெலிந்திருந்தால் அது அடியழுகல். வடிகால் இல்லாத மண்ணில் வரும். அந்தப் பாத்தியில் தண்ணீரைக் குறைத்து, அடுத்த விதைப்பில் ஒரு கிலோ விதைக்கு 4 கிராம் ட்ரைக்கோடெர்மா விரிடி (நோய்ப் பூஞ்சையை அடக்கும் நல்ல பூஞ்சைத் தூள்) என்ற கணக்கில் விதையில் புரட்டி விதை நேர்த்தி செய்யுங்கள். வீட்டுக்கு வேண்டிய நூறு விதைக்கு ஒரு சிட்டிகை போதும். கத்தியால் வெட்டியதுபோல் தண்டு தரையோடு கிடந்தால் வெட்டுப்புழு. அங்கேயே இரண்டு அங்குலம் மண்ணைக் கிளறினால் சுருண்டு படுத்திருக்கும்.

இலை மஞ்சளாகிறது

எந்த இலை என்று பாருங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

நுனியில் வரும் புது இலை மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புச் சத்து ஏறவில்லை. கருப்பூர்ப் பக்கம் வெள்ளைக்கல், அதாவது மாக்னசைட் கிடைக்கும் பகுதி மண்ணிலும், சுண்ணாம்பு அதிகமுள்ள மண்ணிலும் இது சாதாரணம். இரும்பு மண்ணில் இருக்கும், காரத்தன்மையால் வேருக்குக் கிடைக்காது. ஒரு லிட்டர் தண்ணீரில் 5 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட்) உப்பும் 1 கிராம் சிட்ரிக் அமிலமும் கரைத்து, பத்து நாள் இடைவெளியில் இரண்டு முறை மாலையில் இலையில் தெளியுங்கள். அது தற்காலிகம்தான். அந்த மண்ணில் நேராகப் போடாமல், இரண்டு பங்கு வெளிச் செம்மண், ஒரு பங்கு மட்கிய தொழு உரம், ஒரு பங்கு தேங்காய் நார்க் கழிவு கலந்து பைகளில் வளர்ப்பதே நிலையான தீர்வு.

இலை ஓரம் மட்டும் கருகி, பையின் வெளிப்புறம் வெள்ளையாகப் படிந்திருந்தால் போர்த் தண்ணீரின் உப்பு. காய்கறிகளில் பீன்ஸ் அளவுக்கு உப்பைத் தாங்காதது குறைவு. காவிரித் தண்ணீரோ மழைநீரோ கிடைக்கும் நாளில், பையின் அடியில் வழிந்தோடும்படி நிறைய ஊற்றி உப்பைக் கழுவி வெளியேற்றுங்கள். போர்த் தண்ணீர் மட்டும்தான் என்றால் அந்த மாடிக்குக் கொத்தவரை வைப்பது நல்லது.

அடி இலைகள் முழுக்க வெளிறினால் தழைச்சத்து (நைட்ரஜன்) குறைவு. பயறு வகைதானே, தானே காற்றிலிருந்து எடுத்துக்கொள்ளும் என்று எண்ணி பீன்ஸுக்கு எருவே போடாமல் விடுகிறார்கள். தட்டைப்பயறு போல் இது திறமையாகத் தழைச்சத்தை நிலைநிறுத்தாது. ஒரு செடியை வேரோடு எடுத்துப் பாருங்கள். வேரில் சிறு முடிச்சுகள் இருந்து, நசுக்கினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது. வெள்ளையாகவோ பச்சையாகவோ இருந்தால் நடக்கவில்லை. விதைக்கும்போது பீன்ஸுக்கென்று உள்ள ரைசோபியத்தை (வேர் முடிச்சை உண்டாக்கும் நுண்ணுயிர்) ஆறிய அரிசிக் கஞ்சியில் கலந்து விதையில் புரட்டி, நிழலில் அரை மணி நேரம் உலர்த்தி ஊன்றுங்கள். நிலக்கடலைக்கான பாக்கெட் இதற்கு உதவாது.

ஏற்காட்டின் மண் இதற்கு நேர் எதிர். மழை கழுவிய செம்மண், பாக்சைட் கிடைக்கும் மலை, புளிப்புத்தன்மை அதிகம். அங்கே முடிச்சும் வராது, மணிச்சத்தும் மண்ணிலேயே பிடிபட்டுக் கிடக்கும். விதைப்புக்கு மூன்று வாரம் முன்பு சதுர மீட்டருக்கு 150 முதல் 200 கிராம் டாலமைட்டோ வேளாண் சுண்ணாம்போ தூவிக் கொத்திவிடுங்கள். எருவை அன்றே சேர்த்துப் போடாமல், இரண்டு வாரம் கழித்துப் போடுங்கள்.

கொடி காடாக ஏறுகிறது, பூவே இல்லை

சாதாரண பீன்ஸ் என்றால் காரணம் இரண்டில் ஒன்று. எரு அதிகம், அல்லது வெயில் குறைவு. காபித் தோட்டத்து சில்வர் ஓக் நிழல் காபிக்கு நல்லது, பீன்ஸுக்கு ஆகாது. ஆறு மணி நேர நேரடி வெயில் வேண்டும். யூரியா, மீன் அமிலம், பஞ்சகவ்யா எல்லாவற்றையும் நிறுத்தி, செடிக்கு ஒரு கைப்பிடி மரச்சாம்பல் தூவுங்கள். இது சேலத்துக் கார மண்ணுக்கு வேண்டாம், மலை மண்ணுக்கு மட்டும்.

ரன்னர் பீன்ஸாக இருந்து, விதை வெளிநாட்டுப் பாக்கெட்டில் வந்தது என்றால் காரணம் வேறு. ஐரோப்பாவில் வளர்த்தெடுத்த ரகங்கள் பல நீண்ட பகலுக்குப் பழகியவை. அங்கே கோடைப் பகல் 15, 16 மணி நேரம். ஏற்காட்டில் ஆனி மாதத்தின் மிக நீண்ட பகலே 13 மணி நேரத்தைத் தொடாது. நிலநடுக்கோட்டு நாடான கென்யாவில் இத்தகைய ரகங்களை ஏற்றுமதிக்கு வளர்ப்பவர்கள், இரவில் வயலில் விளக்குப் போட்டுப் பகலை நீட்டித்தே பூக்க வைக்கிறார்கள். வீட்டுத் தோட்டத்தில் அதற்கெல்லாம் அவசியமில்லை, விதையை மாற்றிவிடுங்கள். மலையில் ஏற்கெனவே பூத்துக் காய்த்த கொடியிலிருந்து எடுத்த விதைதான் ஏற்காட்டுக்கான விதை. நாகலூர், செம்மநத்தம் போன்ற மலைக் கிராமங்களில் யார் வீட்டு வேலியிலாவது சிவப்புப் பூவும் காயும் சேர்ந்து தெரிந்தால் பத்து விதை கேட்டு வாங்குங்கள். எந்தப் பாக்கெட்டையும் விட அது உயர்ந்தது.

பூ கொத்துக் கொத்தாக வருகிறது, அப்படியே கொட்டுகிறது

சேலத்தில் மாசி, பங்குனியில் இது நடந்தால் நோய் தேட வேண்டாம். பகல் வெப்பம் 32 டிகிரிக்கு மேல் போய், இரவும் குளிராவிட்டால் மகரந்தம் செத்துவிடும், பூ காம்போடு உதிரும். பிளானோஃபிக்ஸ் என்ற வளர்ச்சி ஊக்கியைத் தெளித்தும், பெருங்காயத் தண்ணீர் தெளித்தும் பார்ப்பார்கள். வெப்பத்தில் செத்த மகரந்தத்தை எதுவும் எழுப்பாது. ஐப்பசி முதல் வாரத்தில் விதைத்தால் கார்த்திகை, மார்கழியில் பூக்கும், குளிர் இரவு கிடைக்கும். அந்தத் தேதியை விட்டுவிட்டால் அந்த ஆண்டுக்கு விட்டுவிடுங்கள். தையில் பூத்துக்கொண்டிருக்கும் கொடியை இன்னும் சில வாரம் நீட்டிக்க, மதியத்துக்கு மட்டும் 35 சதவீத நிழல்வலை உதவும்.

ஏற்காட்டில் கொட்டினால், ரன்னர் என்றால், முதலில் தேனீயைத் தேடுங்கள். சாதாரண பீன்ஸ் பூ மொட்டு விரியும் முன்பே தனக்குத்தானே மகரந்தம் சேர்த்துக்கொள்ளும். ரன்னர் அப்படியல்ல. பூவை ஒன்று கையில் எடுத்துப் பாருங்கள். இருபுறமும் இறக்கைபோல் விரிந்த இதழ்கள், நடுவே நத்தை ஓடுபோல் சுருண்ட ஒரு குழல். இறக்கை இதழை விரலால் மெல்லக் கீழே அழுத்தினால் அந்தச் சுருளின் வாயிலிருந்து மயிரிழை போன்ற சூல்தண்டு மகரந்தத்தோடு வெளியே நீளும், விட்டால் உள்ளே போகும். தேனீ உட்காரும்போது நடப்பது இதுதான். அந்த அழுத்தத்தில் சூல்முடியின் மேலுள்ள மெல்லிய சவ்வு கிழிந்தால்தான் மகரந்தம் பற்றும்.

தொடர் மழையில் தேனீ வெளியே வராது. அந்த நாள்களில் காலை எட்டிலிருந்து பத்து மணிக்குள், அன்று விரிந்த பூக்களை இப்படி இரண்டு, மூன்று முறை அழுத்திவிடுங்கள். ஒரு கொடியில் அழுத்திய விரலோடு அடுத்த கொடிக்குப் போங்கள், வேற்றுச் செடி மகரந்தம் கிடைத்தால் காய் இன்னும் நன்றாகப் பிடிக்கும். பூவின் அடிப்பக்கம் ஓட்டை போட்டிருந்தால் கருவண்டு வாசல் வழியாக வராமல் பக்கவாட்டில் துளைத்துத் தேனை எடுத்துவிட்டது. அந்தத் துளையால் மட்டும் பூ சாகாது, ஆனால் மகரந்தமும் சேராது.

உள்ளூர் விதை இருந்தால் ரன்னரைப் புரட்டாசிக் கடைசியில் ஊன்றுவது எங்கள் கணிப்பில் நல்லது. மழை குறையும் கார்த்திகைக் கடைசியில் பூ தொடங்கி, தை வரை குளிரும் வெயிலும் தேனீயும் சேர்ந்து கிடைக்கும்.

இரண்டு ஊருக்கும் பொதுவான காரணம் வேர் காய்வது. பூக்கும் மூன்று வாரமும் ஒருநாள்கூடக் காயவிடக் கூடாது. சேலத்தில் 15 அங்குலப் பையில் மூன்று கொடி இருந்தால் தினமும் 2 முதல் 3 லிட்டர், காலையில். ஏற்காட்டில் மழையில்லாத வாரத்தில் சதுர மீட்டருக்கு 10 லிட்டர் வீதம் இரண்டு முறை. மேலே காய்ந்த இலையை மூன்று அங்குலம் பரப்பி வையுங்கள். பூ மேல் தண்ணீர் தெளித்தால் காய் பிடிக்கும் என்ற பேச்சில் பலனில்லை, அந்தத் தண்ணீர் வேருக்குப் போகட்டும். பூக்கும் காலத்தில் எந்தப் பூச்சிமருந்தையும் காலையில் அடிக்காதீர்கள். அடித்தே தீர வேண்டுமென்றால் பொழுது சாய்ந்த பிறகு.

கொடி சரிகிறது

நைலான் வலை வழுக்கும். சவுக்குக் கம்போ மூங்கிலோ எட்டு அடி, ஒன்றரை அடி மண்ணுக்குள், நடுவே தேங்காய் நார்க் கயிறு. அவிழ்ந்த கொடியைத் திரும்பக் கட்டும்போது, பக்கத்துக் கொடி எந்தப் பக்கம் சுற்றியிருக்கிறதோ அதே பக்கம் சுற்றுங்கள். எதிர்ப்பக்கம் சுற்றினால் இரண்டே நாளில் அவிழ்ந்துவிடும்.

இலையில் பொடி, புள்ளி, சுருக்கம்

இலையின் அடிப்பக்கம் செம்பழுப்புப் பொரிகள், தடவினால் விரலில் துருபோல் ஒட்டுகிறதா? துரு நோய், ஏற்காட்டுப் பனியில் வரும். மேற்பக்கம் வெள்ளைப் பொடி பூசியதுபோல் இருந்தால் சாம்பல் நோய், சேலத்தில் தையில் வரும். இரண்டுக்கும் நனையும் கந்தகம் (தண்ணீரில் கலக்கித் தெளிக்கும் கந்தகத் தூள்) லிட்டருக்கு 2 கிராம். வெயில் 32 டிகிரிக்கு மேல் போகும் நாளில் கந்தகம் தெளித்தால் இலை கருகும்.

காயில் கறுத்து உள்வாங்கிய வட்டப் புள்ளி, இலையடியில் நரம்பு செம்பழுப்பு என்றால் ஆந்த்ராக்னோஸ் என்ற பூஞ்சை நோய். இது விதையிலேயே வரும். மாங்கோசெப் என்ற பூஞ்சைக்கொல்லி லிட்டருக்கு 2 கிராம் பரவலைத் தடுக்கும், வந்ததை ஆற்றாது. தெளித்தால் பாக்கெட்டில் போட்டிருக்கும் காத்திருப்பு நாள் முடியும் வரை காய் பறிக்கக் கூடாது. பனி காயும் முன் கொடிக்குள் கையை விடாதீர்கள், ஈரக் கையோடுதான் இந்த நோய் கொடிக்குக் கொடி போகும்.

இலை சுருங்கி, நரம்பை ஒட்டிக் கரும்பச்சையும் இடையில் வெளிர்ப்பச்சையும் கலந்தால் மொசைக் வைரஸ். மருந்தே இல்லை, பிடுங்குங்கள். பரப்புவது அசுவினி. எறும்பு சாரை சாரையாக ஏறினால் நுனியில் அசுவினி இருக்கிறது என்று பொருள். குழாயை வேகமாகப் பீய்ச்சிக் கழுவி, லிட்டருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெய் சோப்போடு தெளித்தால் அடங்கும். இலை ஊசிமுனைப் புள்ளிகளாக வெளிறி, அடியில் நூலாம்படை தெரிந்தால் சிலந்திப்பேன். வறட்சிதான் அதற்குத் தீனி, இலையடியில் தினமும் தண்ணீர் அடியுங்கள்.

காயில் கோளாறு

கொக்கிபோல் வளைந்து ஒரு பக்கம் மெலிந்த காய் மகரந்தம் பாதி சேர்ந்ததால் வந்தது, அல்லது நடுவில் தண்ணீர் விட்டுப்போனதால். பூவும் இளங்காயும் நூலால் சேர்த்துக் கட்டியதுபோல் ஒட்டியிருந்தால் உள்ளே காய்ப்புழு. அந்தக் கொத்தைக் கையால் எடுத்து நசுக்குவதே வீட்டுத் தோட்டத்துக்குப் போதும்.

நாராக இருந்தால் பறித்தது தாமதம். இரண்டு நாளுக்கு ஒருமுறை பறியுங்கள், வீட்டில் தேவையில்லாவிட்டாலும். இரண்டு காய் முற்றி விதை தடித்துவிட்டால் கொடி தன் வேலை முடிந்தது என்று பூவை நிறுத்திவிடும். ரன்னர் காயை ஒடித்தால் ஓரத்தில் நார் உரியாமல் 'படக்' என்று உடைய வேண்டும், அதுதான் பறிக்கும் பதம்.

குரங்குக்கும் காட்டுமாட்டுக்கும் ஏற்காட்டில் தெளிப்பதற்கு ஒன்றும் கிடையாது. பந்தலை வீட்டுச் சுவரை ஒட்டிப் போடுங்கள்.

காய்ப்பு முடிந்த பிறகு

சாதாரண பீன்ஸைப் பிடுங்கிவிடலாம். ரன்னரைப் பிடுங்காதீர்கள். அடியில் கிழங்குபோல் தடித்த வேர் இருக்கும். ஏற்காட்டில் உறைபனி இல்லாததால் அது சாகாது. தரையிலிருந்து ஒரு சாண் விட்டு வெட்டி, எரு போட்டு மூடிவைத்தால் திரும்பத் துளிர்க்கும்.

விதைக்கு நோயில்லாத கொடியில் முதல் கொத்துகளையே விட்டுவிடுங்கள். ரன்னரில் தேனீ கலந்துவிடும் என்பதால் ஒரே ரகம் இருந்தால்தான் விதை தூய்மையாக இருக்கும். முற்றிய விதையைச் சமைப்பதானால் இரவு ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, புதுத் தண்ணீரில் குறைந்தது பத்து நிமிடம் தளதளவென்று கொதித்த பிறகு வேகவிடுங்கள். அரைவேக்காட்டில் தின்றால் வாந்தியும் வயிற்றுப்போக்கும் நிச்சயம். பிஞ்சுக் காயையும் பச்சையாகக் குழந்தைகள் கடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.